உளவியலின் அடிப்படை எண்ணக்கருக்களும் இலக்கிய விமர்சனமும்: ஒரு மறுநோக்கு

இலக்கிய விமர்சனத்தில் ஈடுபடுவோர் உளவியலிலிருந்து கடனாகப் பெற்றுள்ள சொற்கள் பல. பாத்திரத்தின் ஆளுமை, ஆசிரியரின் நனவிலி மனம், தாழ்வுச் சிக்கல், ஊக்கல் என்பன நமது கட்டுரைகளிலே தாராளமாக வழங்குகின்றன. இவற்றை எடுத்தாளும்போது, பௌதிகவியலின் திணிவு, வேகம் முதலியவற்றைப் போல இவையும் ஐயந்திரிபற நிறுவப்பட்டவை என்ற எண்ணமே பெரும்பாலும் மேலோங்கி நிற்கின்றது. உளவியலை முதன்முதலாகக் கற்கும் மாணவருக்கென எழுதப்படும் அறிமுக நூல்களும் இவ்வெண்ணத்தையே வளர்க்கின்றன. புலக்காட்சி, கற்றல், ஊக்கல், நுண்மதி, ஆளுமை என அத்தியாயங்கள் வரிசையாக அமைய, ஒவ்வொன்றும் ஒரு வரைவிலக்கணத்துடன் தொடங்கிச் சில பரிசோதனைகளுடன் முடிவடையும். குறித்த எண்ணக்கரு எப்போது, எங்கே, யாருடைய தேவையை ஒட்டி உருவாயிற்று என்ற வினா அங்கே அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

அவ்வினாவை எழுப்பி, அதன் விடை இலக்கிய விமர்சனத்துக்கு எவ்வாறு பயன்படும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உளவியலை முதலாளித்துவச் சரக்கு என்று கூறி முற்றாக நிராகரிப்பது நமது கருத்தன்று. அத்தகைய நிராகரிப்பு முற்போக்கு முகாமிலும் நிகழ்ந்ததுண்டு. அதன் விளைவு பாரதூரமாக அமைந்தது என்பதைப் பின்னர் காண்போம்.

1. நடத்தை

உளவியல் தனித்துறையாக உருப்பெற்றதன் தொடக்கமாக, வில்லெம் வுண்ட் 1879ஆம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் நிறுவிய ஆய்வுகூடத்தைக் குறிப்பிடுவது மரபு. அங்கே ஆய்வுப் பொருளாக இருந்தது நனவு அனுபவம். அகநோக்கு அதற்குரிய பிரதான முறைகளுள் ஒன்று. 1913இல் ஜோன் வாட்சன் இந்த அடித்தளத்தையே மாற்ற முற்பட்டார். நனவு என்பது விஞ்ஞான ஆய்வுக்கு உட்படாதது என்றும், புறத்தே அவதானிக்கக்கூடிய நடத்தை ஒன்றே உளவியலின் பொருள் என்றும், அதனை முன்கூட்டியே கணித்துக் கட்டுப்படுத்துவதே உளவியலின் குறிக்கோள் என்றும் அவர் வாதிட்டார்.

ஆன்மா பற்றிய ஊகங்களுக்கு முடிவுகட்டிய வகையில் இக்கோட்பாடு ஒரு முற்போக்கான பணியை ஆற்றியது என்பதை மறுத்தற்கில்லை. ஆயின், 'கட்டுப்படுத்தல்' என்ற சொல் இங்கு நமது கவனத்துக்குரியது. கட்டுப்படுத்துபவர் யார், கட்டுப்படுத்தப்படுபவர் யார் என்ற கேள்விக்கு அக்கோட்பாட்டிலே இடமில்லை. தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நேரங்குறித்து அளக்கும் முகாமைத்துவ முறையை விளக்கி பிரெடெரிக் ரெய்லர் தமது நூலை வெளியிட்டது 1911இல். வாட்சனின் பிரகடனம் அதற்கு இரண்டாண்டுகளின் பின் அதே நாட்டிலே வந்தது. 1920இல் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிய வாட்சன் பெரிய விளம்பர நிறுவனமொன்றிற் பணியாற்றச் சென்றார். இதனைக் கொண்டு அவரது கோட்பாடு பிழை என்று முடிவுசெய்வது நேர்மையாகாது. எனினும் அக்கோட்பாடு எத்தகைய சமூகத்துக்கு உடனடியாகப் பயன்பட்டது என்பதை இது உணர்த்துகின்றது.

இலக்கிய மாணவனுக்கு இதன் குறைபாடு எளிதிற் புலப்படும். மேற்பார்வையாளன் முன்னிலையில் ஒரு தொழிலாளி வாய்பேசாது நிற்கிறான் என்று கொள்வோம். அந்த மௌனம் அச்சமாயிருக்கலாம், இகழ்ச்சியாயிருக்கலாம், மறுநாள் நிகழவிருக்கும் வேலைநிறுத்தத்தின் இரகசியமாயிருக்கலாம். புறத்தே தோன்றும் நடத்தை ஒன்றே. அதன் பொருள் அவனுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான உறவிலே தங்கியுள்ளது. நல்ல நாவலாசிரியன் நமக்குக் காட்டுவது இப்பொருளையே.

2. நுண்மதி

நுண்மதி என்ற எண்ணக்கருவின் வரலாறு இன்னும் தெளிவான படிப்பினையைத் தருகின்றது. பிரான்சிய நாட்டிலே சாதாரண வகுப்புகளிற் கற்க இடர்ப்படும் பிள்ளைகளை இனங்கண்டு உதவும்பொருட்டு, அல்பிரட் பினே, தியோடோர் சிமோனுடன் இணைந்து 1905இல் ஓர் அளவுத்திட்டத்தை அமைத்தார். நுண்மதி மாறாத ஒரு பொருள் என்ற கருத்தைப் பினே ஏற்கவில்லை. 1909இல் வெளியான தமது நூலில் அக்கருத்தை வன்மையாகக் கண்டித்துமிருக்கிறார். உதவிக்கென உருவாக்கப்பட்ட கருவி அத்திலாந்திக் கடலைத் தாண்டியதும் தரம்பிரிக்கும் கருவியாயிற்று. 1916இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து லூயிஸ் டேர்மன் அதனைத் திருத்தி வெளியிட்டார். முதலாம் உலகப்போரிலே அமெரிக்கா பங்குபற்றியபோது ஏறத்தாழ 17½ இலட்சம் படையினர் நுண்மதிச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர்.

அச்சோதனைகளின் வினாக்கள் சில, அமெரிக்கச் சந்தையில் விற்பனையான பண்டங்களின் வர்த்தகப் பெயர்களையும், அந்நாட்டு விளையாட்டு வீரர்களையும் பற்றியவை. கப்பலிலிருந்து இறங்கிச் சில ஆண்டுகளே ஆன இத்தாலிய விவசாயியும் போலந்துத் தொழிலாளியும் இவற்றுக்கு விடையளிக்கத் தவறியதில் வியப்பில்லை. அமெரிக்காவில் வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூடப் புள்ளிகளும் உயர்ந்தன. இதற்குரிய இயல்பான விளக்கம் பழக்கமும் மொழியும் என்பதாகும். ஆயின் 1923இல் கார்ல் பிறிகம் எழுதிய நூல், பிற்காலத்தில் வந்து சேர்ந்தோர் தரங்குறைந்த இனத்தவர் என்று விளக்கங் கூறியது. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் தென், கிழக்கு ஐரோப்பியரின் வருகையைப் பெரிதும் மட்டுப்படுத்திற்று. அச்சட்டத்துக்குச் சோதனைகளே காரணம் என்பது மிகைக்கூற்று. இனவெறுப்பு முன்னரே இருந்தது. சோதனைகள் அதற்கு விஞ்ஞானத்தின் முத்திரையை வழங்கின. பிறிகம் தமது முடிவுகள் ஆதாரமற்றவை என 1930இல் ஒப்புக்கொண்டார். சட்டம் அதனால் மாறிவிடவில்லை.

பின்வந்த ஆய்வுகள் இந்த எண்ணக்கருவின் அடித்தளத்தை மேலும் அசைத்தன. 14 நாடுகளிலே ஒரு தலைமுறைக் காலத்துள் சோதனைப் புள்ளிகள் கணிசமாக உயர்ந்திருப்பதை ஜேம்ஸ் பிளின் 1987இல் எடுத்துக்காட்டினார். பரம்பரையலகுகள் ஒரு தலைமுறையில் அவ்வாறு மாறுவதில்லை. மாறியவை கல்வியும் வாழ்நிலையுமே. ஆயினும் 'மந்தமானவன்' என்ற சொல் வகுப்பறைகளில் இன்றும் இயற்கையின் தீர்ப்பாகவே ஒலிக்கின்றது.

3. நனவிலி மனமும் ஹம்லெற்றும்

விமர்சகரை மிகவும் கவர்ந்த எண்ணக்கரு நனவிலி மனமாகும். சிக்மன்ட் பிராய்ட் கனவுகள் பற்றிய தமது நூலில், 1900ஆம் ஆண்டளவிலேயே, ஹம்லெற்றின் தயக்கத்துக்கு ஈடிப்பஸ் சிக்கலைக் கொண்டு விளக்கம் தந்தார். ஏர்னஸ்ற் ஜோன்ஸ் அதனை 1910இல் கட்டுரையாகவும் 1949இல் முழுநூலாகவும் விரித்தார். தந்தையைக் கொன்று தாயை மணந்த சிற்றப்பன், ஹம்லெற்றின் சொந்தக் குழந்தைப்பருவ ஆசையையே நிறைவேற்றியவன். ஆதலால் அவனைக் கொல்ல ஹம்லெற்றின் கை எழவில்லை என்பது அவ்விளக்கம்.

இவ்விளக்கத்தின் பின்னணியில் இருப்பது தந்தை அதிகாரம் செலுத்தும் ஐரோப்பிய மத்தியதர வர்க்கக் குடும்பம். தாய்வழிச் சமூகமான துரோபிரியாந்துத் தீவுகளை ஆராய்ந்த மலினோவ்ஸ்கி, அங்கே அதிகாரம் தாய்மாமனிடம் இருந்தமையால் மகனின் முரண்பாடும் அவனை நோக்கியே அமைந்தது என 1927இல் வாதிட்டார். கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரிந்திரசேகர் போஸ், தம்மிடம் வந்த நோயாளரிடையே ஈடிப்பஸ் சிக்கல் பிராய்ட் வருணித்த வடிவிலே காணப்படவில்லை என்று அவருக்கே எழுதினார். குடும்ப அமைப்பு மாறும்போது அகமுரண்பாட்டின் வடிவமும் மாறுகின்றதென்றால், நனவிலி மனத்துக்கும் வரலாறு உண்டு என்பதே பெறப்படும்.

ஜோன்சின் விளக்கத்துடன் ஒப்பிடத்தக்கது லெவ் வைகொட்ஸ்கியின் அணுகுமுறை. உளவியலாளராகப் புகழ்பெற்ற வைகொட்ஸ்கி இலக்கிய விமர்சகராகவே தமது அறிவுலக வாழ்வைத் தொடங்கியவர் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. இருபது வயதளவில் ஹம்லெற் பற்றி ஆய்வெழுதிய அவர், 1925இல் முடித்த கலையின் உளவியல் பற்றிய நூலில் மீண்டும் அந்நாடகத்துக்கு வந்தார். ஹம்லெற் ஏன் தயங்குகிறான் என்ற வினாவை அவர் இடம்மாற்றினார். சேக்ஸ்பியர் அவனை ஏன் தயங்க வைத்தார், அத்தயக்கம் பார்வையாளரிடத்து எவ்விளைவை ஏற்படுத்துகின்றது என்று கேட்டார். கதையின் நேர்கோட்டுக்கும் நாடகத்தின் வளைந்த போக்குக்கும் இடையிலான முரண்பாட்டில் நாடகத்தின் ஆற்றலைக் கண்டார். ஹம்லெற் மருத்துவரின் கட்டிலிற் படுத்திருக்கும் நோயாளியல்லன். அவனுக்கு நாடகம் தரும் சொற்களுக்கு அப்பால் குழந்தைப்பருவம் எதுவுமில்லை. பாத்திரத்தைப் படைப்பினின்றும் பிரித்தெடுத்து நோயறிய முயலும் விமர்சனம் இந்த எளிய உண்மையை மறந்துவிடுகின்றது.

4. முற்போக்காளரின் பொறுப்பு

மனிதனின் சாரம் தனியாளுக்குள் உறையும் ஒன்றன்று, அது சமூக உறவுகளின் தொகுதி என்பது 1845இல் மார்க்ஸ் வகுத்த நிலைப்பாடு. அதனை உளவியலின் பரிசோதனைத் தளத்துக்குக் கொண்டுவந்தவர் வைகொட்ஸ்கி. உயர் உளத்தொழிற்பாடுகள் முதலில் மனிதரிடையே நிகழ்ந்து, பின்னரே தனியாளின் உள்ளே இடம்பெறுகின்றன என்றார். சோதனையில் எட்டு வயதுக்குரிய மட்டத்தைக் காட்டும் இரு பிள்ளைகளுள் ஒருவர், பெரியவரின் உதவியுடன் பன்னிரண்டு வயதுக்குரிய கணக்கையும், மற்றவர் ஒன்பது வயதுக்குரியதை மாத்திரமும் செய்வாராயின், அவ்விருவரையும் சமமானவர் எனலாமா என்று அவர் வினவினார். நுண்மதிச் சோதனைக்கு எதிராக எழுப்பப்பட்ட கூர்மையான கேள்விகளுள் இதுவும் ஒன்று.

அவர் 1934இல் மறைந்தார். 1936இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு, பாடசாலைகளிற் பெருகியிருந்த உளச்சோதனை முறைகளைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. சோதனைகளின் பெயரால் உழைக்கும் மக்களின் பிள்ளைகள் விசேட பாடசாலைகளுக்கு ஒதுக்கப்படுகின்றனர் என்ற அதன் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஆயின் அத்தீர்மானத்தின் விளைவாகச் சோதனைகளை விமர்சித்த வைகொட்ஸ்கியின் எழுத்துகளும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒதுக்கப்பட்டன. சிந்தனையும் மொழியும் பற்றிய அவரது நூல் 1956இலேயே மறுபதிப்பாயிற்று. கலையின் உளவியல் 1965இலேயே முதன்முறையாக அச்சேறியது. ஆராய்ந்து தெளியவேண்டியதை ஆணையால் தீர்க்க முனைந்ததன் இழப்பு மார்க்சியத்தினுடையதே.

வேறொரு தவறும் சுட்டத்தக்கது. வைகொட்ஸ்கியின் தோழர் அலெக்சாந்தர் லூரியா 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தானில் எழுத்தறிவற்ற விவசாயிகளிடையே ஆய்வு நடத்தினார். பனிபடர்ந்த வடபுலத்துக் கரடிகள் யாவும் வெண்ணிறமானவை. இன்ன ஊர் வடபுலத்தது. அங்குள்ள கரடியின் நிறம் என்ன என்று வினவியபோது, பலர் தாம் பார்த்திராததைப் பற்றிப் பேசுவதில்லை என மறுமொழி கூறினர். இது அருவச் சிந்தனையின் குறைவு என லூரியா கொண்டார். லைபீரியாவின் வாய் மக்களிடையே ஆராய்ந்த சில்வியா ஸ்கிறிப்னரும் மைக்கேல் கோலும், எழுத்தறிவையும் பாடசாலைக் கல்வியையும் வேறுபடுத்தி, இத்தகைய விடைகள் பெரும்பாலும் பாடசாலைப் பயிற்சியின் விளைவே என 1981இல் காட்டினர். காணாததைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுப்பதிலும் ஒரு தருக்கம் உண்டு. வரலாற்று நோக்கு ஏணிப்படியாகச் சுருங்கும் அபாயம் நமது பக்கத்திலும் இருந்தது என்பதே இதன் பாடம்.

5. முடிவுரை

உளவியலின் பொதுமை பற்றிய ஐயம் இன்று அத்துறையினுள்ளேயே வலுப்பெற்றுள்ளது. முன்னணி ஆய்விதழ்கள் சிலவற்றில் ஆராயப்பட்டோருள் 96 வீதத்தினர், உலக மக்களில் 12 வீதத்தினரே வாழும் மேற்கத்திய கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தோர் என்பதை 2010இல் ஜோசப் ஹென்ரிக் முதலியோர் எடுத்துரைத்தனர். 2015இல் 100 ஆய்வுகளை மீளச் செய்து பார்த்தபோது, அவற்றுள் மூன்றிலொன்றுக்குச் சற்றுக் கூடுதலானவை மாத்திரமே புள்ளிவிபர ரீதியில் உறுதிப்பட்டன. நமது நாட்டிலும், வட இலங்கையின் போர் அனுபவத்தை ஆராய்ந்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனியாளின் நோய்க்குறிகளை மட்டும் எண்ணும் முறை போதாது என்று கண்டு, குடும்பமும் சமூகமும் ஒருங்கே அடைந்த காயத்தைக் கூட்டு மனவடுவாக 2007இல் விவரித்தார். துயரத்தின் அலகு தனியாள் மாத்திரமன்று என்பதை அனுபவமே அறிமுக நூல்களுக்குக் கற்பிக்கவேண்டியிருந்தது.

இவற்றிலிருந்து விமர்சகன் பெறவேண்டியது யாது? பாத்திரத்தைச் சிக்கல்களின் மூட்டையாகக் காண்பது ஒருபக்கப் பிழையாயின், வர்க்கப் பெயர்ப்பலகையாகக் காண்பது மறுபக்கப் பிழையாகும். 'இவன் குட்டி முதலாளித்துவ வர்க்கத்தினன், ஆதலால் ஊசலாடுகிறான்' என்று எழுதுவோர், ஈடிப்பஸ் சிக்கலைக் கண்டுபிடிப்போரிலிருந்து முறையளவில் அதிகம் வேறுபடவில்லை. இருசாராரும் படைப்பை வாசிக்குமுன்னரே விடையை வைத்திருக்கின்றனர். சமூக உறவுகள் ஒரு குறித்த மனிதனின் அச்சமாகவும் ஆசையாகவும் பேச்சாகவும் மௌனமாகவும் எவ்வாறு உருமாறுகின்றன என்பதைக் காட்டுவது யதார்த்த இலக்கியத்தின் பணி. அவ்வுருமாற்றத்தைப் படிப்படியாகத் தொடர்ந்து விளக்குவது விமர்சனத்தின் பணி. அதற்கு உளவியல் நமக்குத் தேவை; அதன் எண்ணக்கருக்களை அவற்றின் பிறப்பு வரலாற்றுடன் சேர்த்தே நாம் கடன்பெறல் வேண்டும்.