மரபணுவும் மனச்சாட்சியும்

விஞ்ஞானம் நீதிமன்றப் படியேறும்போது அதனைக் கைகூப்பி வரவேற்போரும் உளர். கண்டு அஞ்சுவோரும் உளர். இவ்விரு சாராரும் செய்யும் தவறு ஒன்றே. விஞ்ஞானத்தை மனித உழைப்பின் விளைவாகக் காணாது, மனிதருக்கு அப்பாற்பட்ட ஏதோவொரு சக்தியாகவே இருவரும் கருதுகின்றனர். 2015ஆம் ஆண்டு கொட்டதெனியாவையில் நிகழ்ந்த சிறுமி கொலையையும், அதனையொட்டி நாடெங்கும் எழுந்த வாதப் பிரதிவாதங்களையும் மீள நோக்கும்போது இது எமக்குத் தெளிவாகின்றது.

அவ்வாண்டு செப்டெம்பரில், வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த பாலகி ஒருத்தி இரவோடிரவாகக் கடத்தப்பட்டுக் கொலையுண்டாள். நாட்டு மக்களின் துயரம் விரைவிலேயே சினமாயிற்று. 1976ஆம் ஆண்டின் பின்னர் எவரும் தூக்கிலிடப்படாத இந்நாட்டில், மரண தண்டனையை மீண்டும் நிறைவேற்றுக என்ற குரல் வீதிகளிலும் பத்திரிகைகளிலும் ஓங்கி ஒலித்தது. அச்சினத்தை நாம் இகழவில்லை. ஒரு குழந்தையின் சாவுக்குக் கலங்காத சமுதாயம் சமுதாயமே அன்று. ஆயின், அச்சினம் எவர்மீது பாய்ந்தது என்பதே எமது கேள்வி.

முதலிற் கைதானோருள் பதினேழு வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இருந்தான். அவனுடைய மரபணு, கிடைத்த தடயத்துடன் பொருந்தாமையால் விடுவிக்கப்பட்டான். காவலில் தான் தாக்கப்பட்டதாக அவன் பின்னர் முறையிட்டான். அடுத்து வேறொருவர் பிடிபட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அவருடைய பட்டப்பெயர் சில நாட்களுக்குள் வசைச்சொல்லாகவே மாறிற்று. மரபணுப் பரிசோதனையோ அவரையும் விலக்கிற்று. பொருந்தியது அவருடைய சகோதரரின் மரபணுவே. அச்சகோதரருக்கு 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

அந்தப் பரிசோதனை இல்லாதிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருந்தது; தூக்குக் கயிற்றைக் கோரும் கூட்டம் வாசலில் நின்றது; தவறான மனிதர் ஒருவர் கூண்டில் ஏறியிருப்பார். வழக்கு முடிந்தபின் ‘குற்றவாளி அகப்பட்டான்’ என மனநிறைவடைந்தோர், அதற்கு முன் தாம் எவரெவரைக் குற்றவாளி என்று தூற்றினோம் என்பதை எண்ணிப் பார்த்தனரா? அவர்களிடம் மன்னிப்புக் கேட்டனரா?

இவ்விடயத்தில் மரபணு விஞ்ஞானத்தின் வரலாறே ஒரு பாடமாகும். 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் இம்முறையைக் கண்டறிந்தார். 1986இல் அப்பகுதியில் நிகழ்ந்த சிறுமி கொலையொன்றில் ஓர் இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தான். அவனுக்கும் பதினேழு வயதே. அதே பிரதேசத்தில் 1983இல் நடந்த கொலையையும் அவன் தலையிற் சுமத்த முயன்ற பொலிஸார் ஜெஃப்ரீஸை நாடினர். இரண்டையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இவ்விளைஞன் அல்லன் என்பது அவர் தந்த விடை. உண்மைக் கொலையாளி 1987இல் அகப்பட்டு, 1988இல் ஆயுள் தண்டனை பெற்றான். ஆகவே கொலை வழக்கில் இவ்விஞ்ஞானம் முதன்முதல் செய்த பணி, பொய்யான ஒப்புதலிலிருந்து ஒரு நிரபராதியை மீட்டமையேயாகும்.

இதனைக் கூறுவதால், மரபணு பேசினால் வேறு பேச்சே வேண்டாம் என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளற்க. 1989இல் நியூயோர்க்கில் நடைபெற்ற காஸ்ட்ரோ வழக்கில், இரு தரப்பு விஞ்ஞானிகளும் நீதிமன்றத்துக்கு வெளியே கூடி, ஆய்வுகூடத்தின் வேலை நம்பத்தக்கதன்று எனக் கூட்டாக அறிவித்தனர். பின்னர் குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றத்தை ஏற்றுக்கொண்டார் என்பது வேறு கதை. குற்றவாளியாயினும் பிழையான ஆய்வைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்கலாகாது என்பதே அவ்வழக்கு தரும் படிப்பினை. இப்படிப்பினை புறக்கணிக்கப்பட்ட இடத்தில் விளைந்ததை ஹியூஸ்டன் நகரம் கண்டது. பதினாறு வயதிற் கைதான கறுப்பின இளைஞர் ஒருவர், அந்நகரப் பொலிஸ் ஆய்வுகூடத்தின் மரபணுச் சான்றைக் கொண்டே 1999இல் இருபத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2003இல் மறுபரிசோதனை அவரை விடுவித்தது.

இன்னுமொன்று கணிதம் பற்றியது. ‘பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கே இது பொருந்தும்’ என நிபுணர் கூறுவதாகக் கொள்வோம். கேட்போர், ‘ஆகவே இவர் நிரபராதியாயிருக்கப் பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு’ என முடிவு கட்டிவிடுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. இரண்டு கோடிப் பேர் வாழும் நாட்டில் அத்தகையோர் இருபது பேர் இருத்தல் கூடும். வேறு சான்றுகளே அவ்விருபதின்மருள் ஒருவரை இனங்காட்டவல்லவை. வகுப்பறையில் நிகழ்தகவு கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைப்பது பெரும் சமூகத் தொண்டாகும்.

ஆய்வுகூடத்தைக் கேள்வி கேட்கும் வசதி எவருக்கு உண்டு? 1995இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஓ. ஜே. சிம்ப்சனின் வழக்கு நடந்தது. இரத்த மாதிரி எடுக்கப்பட்டது முதல் அது எவர் கைமாறிச் சென்றது என்பது வரை அவருடைய சட்டத்தரணிகள் துருவி வினவினர், அவர் விடுதலையானார். அவர் செல்வந்தர். அச்சட்டத்தரணிகளுள் பரி ஷெக், பீற்றர் நியூஃபெல்ட் என்னும் இருவர், 1992இலேயே நிரபராதிகளை மரபணுச் சான்றால் மீட்கும் இயக்கமொன்றைத் தொடக்கியிருந்தனர். ஓரிடத்தில் மரபணுவைத் தாக்கியோர் மற்றோரிடத்தில் அதனையே நாடுவது முரண்பாடன்றோ எனச் சிலர் நகைத்தனர். முரண்பாடு எதுவும் இல்லை. செவ்வனே செய்யப்பட்ட ஆய்வை ஏற்பதும், செவ்வையற்றதை மறுப்பதும் ஒரே நேர்மையின் இரு செயல்களாகும். செல்வந்தருக்குக் கிட்டிய அவ்விசாரணை ஏழைக்குக் கிட்டாமையே உண்மையான அநீதி.

எமது நாட்டிலே இதற்கு மேலும் ஒரு பரிமாணம் உண்டு. சாதாரண வழக்குகளில், பொலிஸாரிடம் செய்யப்பட்ட ஒப்புதலைச் சான்றாக ஏற்கலாகாதெனச் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சரிடம் செய்த ஒப்புதலையும் ஏற்புடையதாக்கிற்று; அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் பொறுப்பையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே சுமத்திற்று. கொட்டதெனியாவையில் ஒப்புதலைப் பொய்யாக்க ஒரு தடயம் இருந்தது. ஒப்புதலைத் தவிர வேறெதுவும் இல்லாத வழக்குகளில் சிறையிருந்த தமிழ் இளைஞர்களை மீட்க எந்த ஆய்வுகூடம் இருந்தது? கொட்டதெனியாவை மாணவனுக்காக இரங்கிய சிங்கள நண்பர்கள் இக்கேள்வியையும் தமதாக்கிக்கொள்ள வேண்டும். இக்கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டுவரும் தமிழரும் அம்மாணவனைத் தம் பிள்ளையாகக் கருதவேண்டும்.

எழுத்தாளரின் பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைசிப் பக்கத்தில் குற்றவாளி அகப்பட்டேயாக வேண்டும் என்று துப்பறியும் கதைகள் வாசகரைப் பழக்கிவிட்டன. அப்பழக்கமே பத்திரிகைச் செய்தியிலும் புகுந்து, விசாரணைக்கு முன்னரே தீர்ப்பு எழுதுகின்றது. சந்தேகிக்கப்பட்டு, அடியுண்டு, பின்னர் மறக்கப்பட்ட மனிதனின் கதையை எமது புனைகதையாளர்கள் எழுதுவார்களாக. இறந்த குழந்தைக்கு நாம் கடன்பட்டிருப்பது நீதிக்கேயன்றிப் பழிக்கன்று. தவறான மனிதரைத் தூக்கிலேற்றுவது, அக்குழந்தைக்கு இழைக்கப்படும் இரண்டாவது கொடுமையாகும்.