நெட் வராத வீட்டை ரசிப்பது எப்படி?

"தம்பி, புள்ளியெல்லாம் நிறைய இருக்கு. ஆளுதான் வரமாட்டேங்குறான்."

காரைக்கால் கயிலாசநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா தன் வீட்டு வைஃபையைப் பற்றி என்னிடம் சொன்னது இவ்வளவுதான். மணி இரவு ஒன்பது. கோடைக் கணக்கில் பிரான்ஸில் அப்போது மாலை ஐந்தரை. மகன் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம். (குளிர்காலம் என்றால் அங்கே நாலரைதான் ஆகியிருக்கும். காரைக்காலில் பாதி வீடுகளில் இந்தக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி.) போன் திரையில் வைஃபை விசிறி முழுசாக விரிந்திருந்தது. ஆனால் வீடியோ கால் சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் பெரும்பாலோர் சுவிட்சை அணைத்துப் போடுவார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய ரசக்கேடு கிடையாது. துப்பறியும் கதையில் பிணத்தைக் கண்டதும் வீட்டைக் கழுவிவிடுவது போன்ற காரியம் அது. சிக்னல் முழுதாக இருந்தும் நெட் இல்லை என்றால் வீட்டுக்குள் ஒரு சண்டை நடக்கிறது. யாருக்கும் யாருக்கும் என்று பார்க்கப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

முதலில் விளக்குகள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. அதில் ரசிக்க ஒன்றுமில்லை. புகார் பதிந்துவிட்டுக் காபி குடிக்கலாம். பெரியம்மா வீட்டில் அது எரியவில்லை. அப்படியானால் காவிரி வாசல்வரை வந்துவிட்டது, வயலுக்குத்தான் பாயவில்லை.

பிறகு வீட்டைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய, ஒன்றரை முழச் சுவர் கொண்ட பழைய வீடு. நடுவில் முற்றம், பின்கட்டு, மாடியில் ஓர் அறை. மனிதனுக்கு வெயிலில் குளிர்ச்சியாக இருக்கும் அந்தச் சுவரே வைஃபைக்கு எமன். ஐப்பசி மழையில் ஊறிவிட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் ஈரம் ரேடியோ அலையை விழுங்கும். ஆகவே மாடிக்கென்று இரண்டாவது ரவுட்டர் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். கதையின் முடிச்சு இங்கேதான். நெட் நிறுவனம் மாட்டிவிட்டுப் போன கீழ்ப் பெட்டியை வீட்டார் 'மோடம்' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது மோடம் மட்டுமல்ல, அதற்குள்ளேயே ஒரு ரவுட்டரும் இருக்கிறது. மாடியில் வந்தது இன்னொன்று. ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பத் தலைவர்கள், இருவருமே மற்றவர் இருப்பது தெரியாத தலைவர்கள்.

தலைவரின் வேலை என்ன? வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கதவு எண் கொடுப்பது. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்துக்கு அது போதாது என்று முன்பே தெரிந்துவிட்டதால், 1990களின் நடுவில் சில எண் வரிசைகளை வீட்டு உபயோகத்துக்கென்று ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்குவது அதில் ஒன்று. அதனால்தான் திருநள்ளாற்றிலும் நிரவியிலும் பாரிஸிலும் பல வீடுகளில் 192.168.1.1 என்ற அதே எண் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே எண் எத்தனை வீட்டில் இருந்தாலும் தகராறில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தால்தான் வம்பு.

காரைக்கால்காரருக்கு இது புரிவதில் சிரமம் இருக்காது. நிர்வாகத்தில் நாம் புதுச்சேரி. ஆனால் நம்மைச் சுற்றியிருப்பது தமிழ்நாடு. தொலைத்தொடர்பு வரைபடத்திலோ புதுச்சேரி என்ற பெயரே கிடையாது: நாமும் புதுச்சேரியும் தமிழ்நாடு வட்டம், மாஹே கேரள வட்டம், ஏனாம் ஆந்திர வட்டம். ஒரு வரைபடத்தின் எல்லையை இன்னொரு வரைபடம் மதிப்பதில்லை என்பது நமக்கு 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்த நாளிலிருந்தே பழக்கம்.

இனி எனக்கு மிகப் பிடித்த கட்டம். போன் வைஃபைக்குள் நுழைந்ததும் யாரையும் குறிப்பிட்டுக் கேட்பதில்லை. அதற்கு யாரையும் தெரியாது. "எனக்கொரு முகவரி கொடுங்கள்" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கூவும். இந்த ஏற்பாட்டுக்கு டிஹெச்சிபி என்று பெயர். கேட்டவுடன் ரவுட்டர் ஒரு முகவரியையும், வெளியுலகுக்குப் போகும் வாசல் எது என்பதையும் வீசும். இரண்டு ரவுட்டர்கள் இருந்தால் இரண்டும் வீசும். ஆனிப் பௌர்ணமியையொட்டி நம் ஊர் மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறக்குமே, அதேதான். எந்த மாடியிலிருந்து வந்தது என்று யார் பார்க்கிறார்கள்? கையில் முதலில் சிக்கியதைப் பிடித்துக்கொள்கிறோம். போனும் பெரும்பாலும் முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ளும். கீழ்ப் பெட்டியின் பழம் கிடைத்தவருக்கு நெட் வரும். மாடிப் பெட்டியின் பழம் கிடைத்தவருக்கு வாசல் என்று காட்டப்படுவது மாடிப் பெட்டி. அதற்குப் பின்னால் வெறும் சுவர்.

இதைத் தெரிந்துகொண்டால் குழப்பமாகத் தோன்றும் புகார்களெல்லாம் ராகம் பிடிபட்டது போல் ஒழுங்காகும். பெரியம்மா சொன்னார்: "காலையிலேர்ந்து வீட்டோட கெடக்குற டிவிக்கு வருது. கடைக்குப் போயிட்டு வந்த எனக்கு வரல." வராதுதானே! டிவி என்றோ நல்ல பழத்தைப் பிடித்துவிட்டது. கொடுத்த முகவரிக்குக் காலக்கெடு உண்டு. கெடுவில் பாதி கழிந்ததும் கருவி, தனக்குக் கொடுத்தவரிடமே நேராகப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். வெளியே போய் வந்த போன்தான் மறுபடி கூவ வேண்டியிருந்தது, இந்தத் தடவை கெட்ட பழம் அகப்பட்டது. சுவிட்சை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிவிடுவதும் இதனால்தான். நோய் தீரவில்லை, பழம் மாறிவிழுந்தது.

பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால் ஐபி முகவரி, கேட்வே (அந்த வாசல்தான்) என்று இரண்டு எண் தெரியும். கூடத்தில் ஒரு தடவை, பின்கட்டில் ஒரு தடவை, மாடியில் ஒரு தடவை வைஃபையை அணைத்துப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். கூடத்தில் கேட்வே 192.168.1.1. பின்கட்டிலும் அதுவே. மாடிப் படியில் ஏறியதும் 192.168.0.1. அந்த ஒற்றைச் சைபரைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைப் பெரியம்மாவுக்கு விளக்க முடியவில்லை. (எண் 169.254 என்று தொடங்கினால் அது வேறு கதை: கூவிக் கூவிப் பார்த்து யாரும் பதில் சொல்லாததால் கருவி தனக்குத்தானே முகவரி வைத்துக்கொண்டிருக்கிறது. பார்க்கவே பாவமாக இருக்கும்.)

தீர்ப்பது எளிது. மாடி ரவுட்டரின் அமைப்புக்குள் போய் அதற்கு 192.168.1.2 என்று எண் கொடுத்து, கூடவே டிஹெச்சிபியை நிறுத்திவிட வேண்டும். கேபிள் அதன் லேன் துளையில் இருக்க வேண்டும். இப்போது அது தலைவரல்ல, கீழ்ப் பெட்டியின் குரலை மாடிக்கு எடுத்துச் சொல்லும் ஆள். புதிய ரவுட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட்' என்று ஒரே தேர்வாக இதை வைத்திருக்கிறார்கள்.

கேபிளை வேன் என்று எழுதிய துளையில் மாட்டியிருந்தால் சண்டையின் சுவையே வேறு. அப்போது மாடி ஒரு தனி நாடு, அதற்குக் கீழே இன்னொரு நாடு. இரண்டுக்கும் எண் வரிசை ஒன்றாகவே இருந்தால் மாடி ரவுட்டர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திகைக்கும். வேறாக இருந்தால் நெட் வரும். பலர் வருஷக்கணக்கில் இப்படியே காலம் தள்ளுகிறார்கள். கீழே இருக்கும் பிரின்டர் மாடி லேப்டாப்பின் பட்டியலில் தெரியாது; எண் தெரிந்தால் மாடியிலிருந்து அதைத் தொடலாம். கீழிருந்து மாடிக்கு மட்டும் நேராக முடியாது. இதை டபுள் நேட் என்பார்கள். நாகூரிலிருந்து வருபவருக்கு வாஞ்சூரில் சோதனைச் சாவடி. அதைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரத்தில் அதே பையைத் திறந்து காட்ட இன்னொரு சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பெட்டியின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் மூன்றாவது சாவடியும் உண்டு. அதை நடத்துவது நெட் நிறுவனம். முகவரிப் பஞ்சத்தால் 2012-இல் அந்த வரிசையை அதற்கென்றே ஒதுக்கினார்கள். வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து நேராகப் பார்க்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

சானல் விஷயத்தை நான் நீட்டப் போவதில்லை, ஒன்றைத் தவிர. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றும் ஒன்றையொன்று உரசாது. இரண்டு பெட்டிகளும் 6-இல் இருந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்று பேசும்போது மற்றது கேட்டுக் காத்திருக்கும். ஒன்று 6, மற்றது 8 என்றால்தான் கெட்டது. ஒருவர் பேச்சு மற்றவருக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும். பாதி காதில் விழும் பேச்சுதான் எந்த வீட்டிலும் தொல்லை. 5 கிகாஹெர்ட்ஸில் சில சானல்கள் வானிலை ரேடாரைக் கேட்டால் விலகிவிட வேண்டும் என்பது விதி. உடனே நம் ஊர் ரேடார்மேல் பழி போடாதீர்கள். புயல் நாட்களில் ஊரே பார்க்கும் காரைக்கால் ரேடார் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் அலையில் இயங்குவது. உங்கள் வைஃபைக்கும் அதற்கும் வாய்க்கால் தகராறு இல்லை.

எல்லாம் சரியான பிறகுதான் நான் கடைசி இன்பத்துக்கு வருவேன். காரைக்கால்மேட்டு விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் இருக்கும். ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி வர ஆகும் நேரத்தில் ஆழம் பார்ப்பார்கள். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய 'பிங்' நிரலின் பெயர் அந்த ஒலியிலிருந்து வந்ததுதான். அதன் தம்பி ட்ரேஸ்ரூட், 1980களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதியது. அது செய்வது அழகான குறும்பு: ஆயுள் 1 என்று எழுதி ஒரு பொட்டலத்தை அனுப்பும். முதல் ரவுட்டர் அதில் ஒன்றைக் கழித்து, "இங்கே இறந்துவிட்டது" என்று செய்தி அனுப்பும். அடுத்து ஆயுள் 2, பிறகு 3. இறந்த இடங்களைக் கோத்தால் பாதை.

பெரியம்மா வீட்டு லேப்டாப்பில் பிரான்ஸ் முகவரி ஒன்றுக்கு அதை ஓட்டினேன். முதல் வரி 192.168.1.1, ஒரு மில்லி விநாடி. அப்புறம் ஒற்றை இலக்கங்கள். பிறகு ஒரு வரியில் எண் சட்டென்று நூறைத் தாண்டியது. அதுதான் கடல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மில்லி விநாடி. சென்னையிலும் கரையேறும் ஸீ-மீ-வீ 4 என்ற கடலடிக் கேபிள் பிரான்ஸின் மார்சேயில்தான் முடிகிறது. நம் பொட்டலம் அதில்தான் போனதா என்று அந்த வரி சொல்லாது. சில நாள் சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டும் போகலாம். ஒவ்வொரு பொட்டலமும் தன் முகவரியைத் தானே சுமந்துகொண்டு தன் வழியைத் தானே தேடிப் போகட்டும் என்ற யோசனைமேல் 1970களின் தொடக்கத்தில் சிக்லாத் என்ற வலையைக் கட்டிக் காட்டியவர் லூயி பூசான், பிரெஞ்சுக்காரர். அரசு அந்த வலையைக் கைவிட்டது. யோசனையை அமெரிக்கர்கள் இணையத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "பென்ஷன் குடுத்தாங்களா அவருக்கு?" என்று கேட்டார்.

மாடிப் பெட்டியின்மேல் 192.168.1.2 என்று எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. விடுமுறைக்கு வந்த பேரன் பின்பக்கத்துச் சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்தியிருக்கிறான்.

"தம்பி, நான் எதையும் அணைக்கல. மாடியில நின்னு பார்த்தேன். கேட்வேன்னு போட்டு, நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு... அப்புறம் ஒண்ணு இல்ல, சைபர் வந்துடுச்சு."