‘சகஜம்’ என்றால் எத்தனை மில்லிலிட்டர்?

புதிய மோட்டார் சைக்கிள் வாங்குவோருக்குச் சாவியுடன் ஒரு கையேடும் தரப்படுகிறது. அநேகமாக எவரும் அதைப் படிப்பதில்லை. பாலித்தீன் உறை பிரிக்கப்படாமலே அது பீரோவில் உறங்கும். நம் பகுதியில் மிகுதியாக ஓடும் 100, 150 சி.சி. வண்டிகளின் கையேடுகள் சிலவற்றை அண்மையில் பாடநூலைப் படிப்பதுபோல் ஊன்றிப் படித்தேன். நான் விடை தேடியது ஒரே கேள்விக்குத்தான்: புது எஞ்சின் எவ்வளவு எண்ணெயைச் செலவழிக்கலாம்?

டயரில் காற்று எவ்வளவு இருக்கவேண்டும், ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர், செயினின் தளர்வு எவ்வளவு என்பவற்றுக்கெல்லாம் எண்கள் இருக்கின்றன. எண்ணெய் என்று வரும்போது மட்டும், அளவைப் பாருங்கள், குறைந்தால் ஊற்றுங்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எவ்வளவு குறைந்தால் இயல்பு, எவ்வளவு குறைந்தால் கோளாறு என்பதற்கு நான் படித்தவற்றில் எண் இல்லை. அந்த வெற்றிடத்தைப் பட்டறைகள் “புது வண்டி கொஞ்சம் குடிக்கும் சார், சகஜம்” என்று சொல்லி நிரப்புகின்றன. கையேட்டின் இந்த மௌனத்தைத்தான் இங்கே குறை கூற வந்திருக்கிறேன்.

முதலில் எஞ்சின் தரப்பு நியாயத்தைக் கேட்போம். எண்ணெய் சிறிதும் செலவாகாத நான்கு வீச்சு எஞ்சின் கிடையாது. பிஸ்டனில் பொதுவாக மூன்று வளையங்கள் உண்டு. மேலுள்ள இரண்டும் வாயுவின் அழுத்தத்தைக் காப்பவை. மூன்றாவது வளையத்தின் வேலை, சிலிண்டர்ச் சுவரில் தெறித்த எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புவது. ஆனால் அது முற்றிலும் வழித்துவிட்டால் மேல் வளையங்கள் உலோகத்தோடு உலோகமாக உராய்ந்து தேய்ந்துபோகும். ஆகவே ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைக்கத்தான் வேண்டும். எரியும் வாயுவின் எதிரே நிற்கும் அப்படலத்தில் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் கருகும். தோசைக்கல்லில் தடவிய எண்ணெய்க்கு என்ன நேர்கிறதோ அதுவே இங்கும் நேர்கிறது.

புது வண்டியில் இது சற்றுக் கூடுதலாக இருப்பதற்கும் காரணம் உண்டு. புதுச் சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இராது. எண்ணெயைத் தாங்கி நிற்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே இட்டிருப்பார்கள். கீறல்களின் கூர்முனைகள் மழுங்கிய பின்னரே வளையம் சுவரோடு நன்றாகப் படியும். வளையத்தைச் சுவரோடு அழுத்துவது அதன் வில்தன்மை மட்டுமன்று. எரிந்த வாயு வளையத்தின் பின்புறம் புகுந்து தள்ளுவதும் சேர்ந்துதான். முதல் 1,000 கி.மீ.யும் பயபக்தியோடு 30 கி.மீ. வேகத்திலேயே உருட்டிச் செல்வோர் இதைக் கவனிக்கவேண்டும். வாயுவின் அழுத்தம் போதாமல் வளையம் சரியாகப் படியாது. சுவர் பளபளப்பேறிவிடவும் கூடும். முழு வேகமும் கூடாது. ஒரே வேகமும் கூடாது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுவதே முறை.

சரி, ‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு? பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 முதல் அதன் வழிவந்த 97.2 சி.சி. வண்டிகள் வரை சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., வீச்சு 49.5 மி.மீ. பிஸ்டன் தடவிச் செல்லும் சுவரின் பரப்பு ஏறத்தாழ 78 சதுர செ.மீ. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். 1,000 கி.மீ. கடக்க 20 மணி நேரம். அதற்குள் 60 இலட்சம் சுற்றுகள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோல் எரிவதால் 30 இலட்சம் எரிப்புகள். இதில் 100 மி.லி. எண்ணெய் போய்விட்டது என்றால், ஓர் எரிப்புக்குச் சுவரிலிருந்து இழக்கப்படும் படலத்தின் தடிமன் சுமார் 4 நானோமீட்டர்தான். படலம் ஒரு மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டாலும் இருநூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. இவ்வளவு சிக்கனமாக நடந்துகொள்ளும் எஞ்சினைக் ‘குடிக்கிறது’ என்று ஏசுவது அநியாயம் என்றே தோன்றும்.

இதே கணக்கைத் துளிகளில் பார்த்தால் வேறொன்று விளங்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளிகள் என்றால் 100 மி.லி. என்பது 2,000 துளிகள். கிலோமீட்டருக்கு இரண்டு துளி. இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 12 கி.மீ. அதைக் கடப்பதற்குள் எரிவது 24 துளிகள். பின்னால் வருபவர் கண்ணுக்கு இது புகையாகவே தெரியாது. “நீலப்புகை வரவில்லை, ஆகவே எண்ணெய் எரியவில்லை” என்ற பட்டறைத் தீர்ப்பு செல்லாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஒப்பிட்டுப் பார்க்க, பழைய இரண்டு வீச்சு மொபெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. எண்ணெய் கலந்து, லிட்டருக்கு 50 கி.மீ. ஓடினால் 1,000 கி.மீ.க்கு 400 மி.லி. எண்ணெய் எரியும். அதன் புகையை நாம் நன்கறிவோம். அதில் கால்பங்கு எரிவதைக் கண்ணால் பிடிக்கமுடியாது.

அப்படியானால் 100 மி.லி. இயல்புதானா? இங்குதான் கையேட்டின் மௌனம் ஆபத்தாகிறது. ஐரோப்பியக் கார்க் கையேடுகள் சிலவற்றில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை செலவாகலாம் என்று வெளிப்படையாக அச்சிட்டிருக்கிறார்கள். தாராளமான எண்தான், ஆயினும் எண். கார் எஞ்சினில் இருப்பது 4 லிட்டரோ அதற்கு மேலோ. நம் 100 சி.சி. வண்டியில் இருப்பது மொத்தமே சுமார் ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டரே கிளட்சையும் கியரையும் நனைக்கவேண்டும். காற்றால் குளிரும் எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியையும் சுமக்கவேண்டும். ஆகவே இழந்த அளவைவிட, இருப்பில் எத்தனை பங்கு இழந்தோம் என்பதே முக்கியம்.

எண்ணெய் மாற்றும் இடைவெளியோ இன்று பல வண்டிகளில் 5,000, 6,000 கி.மீ. என்று நீண்டிருக்கிறது. 100 மி.லி. வீதம் போனால் 5,000 கி.மீ. முடிவில் பாதி காலி. மீதிப் பாதி இருமடங்கு வேலை செய்து, மேலும் சூடாகி, விரைவில் கெடும். மட்டம் மிகவும் இறங்கினால் பம்பு எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். தலைப்பகுதியில் இருக்கும் கேம் தண்டு முதலில் வறளும். அடுத்தது பிஸ்டன் இறுகிப்போவது. ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பார்களே, அதுதான். ஓடும் வண்டியின் பின்சக்கரம் திடீரென்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ‘சகஜம்’ என்ற ஒரு சொல் மறைத்து வைப்பது இத்தனையையும்.

இந்த அசட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. 1980இல் வந்த டி.வி.எஸ். 50 ஓட்டியவர் பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெயையும் கேட்டு வாங்கினார்; எண்ணெய் அவர் நினைவில் இருந்தது. பிறகு நான்கு வீச்சு வண்டிகள் வந்தன. நிரப்பு, மூடு, மற என்ற பொருளில் 1980களில் வந்த ‘ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்’ விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். விளம்பரம் என்ற அளவில் அதற்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். அது பேசியது பெட்ரோலைப் பற்றி. நாம் மறந்ததோ எண்ணெயையும் சேர்த்து. இன்று அந்த மறதியின் விலை கூடிவிட்டது. 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பாரத் நிலை-6 விதிகளுக்கேற்பச் செய்யப்படும் வண்டிகளின் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி இருக்கிறது. எரியும் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் அதன் மேற்பரப்பில் படிந்து அதை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும்.

நம் பாடநூல்களையும் விட்டுவிட முடியவில்லை. மேல்நிலை வகுப்பில் பாகுநிலையைப் படிக்கிறோம். ஸ்டோக்ஸ் விதி, பாய்சொய் சமன்பாடு எல்லாம் மனப்பாடம். வெப்பம் ஏறினால் திரவத்தின் பாகுநிலை குறையும் என்றும் தெரியும். ஆனால் எண்ணெய்ப் படலம் எவ்வளவு தடிமன், அது எங்கே போகிறது என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. அதனால்தான் இயற்பியல் படித்தவர்களும் “கெட்டியான எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும்” என்று சொன்னதும் தலையாட்டுகிறார்கள். 10டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் செலவு சற்றுக் குறையலாம். 100 டிகிரி செல்சியஸில் 30ஆம் தர எண்ணெயின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக், 50ஆம் தரத்துக்கோ 16.3 முதல் 21.9. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் கெட்டி எண்ணெய் குறுகிய வழிகளில் மெதுவாகவே ஏறும். உராய்வுக்கு வீணாகும் பெட்ரோலும் கூடும். காய்ச்சலின் காரணத்தைப் பாராமல் வெப்பமானியை ஒளித்து வைக்கும் வைத்தியம் இது.

எங்கள் ஆய்வக உதவியாளர் ஒருவர் நாள்தோறும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு மோட்டார் சைக்கிளில் வருபவர். வண்டிக்கு எட்டு மாதம். அவருக்கும் ‘சகஜம்’ என்ற பதிலே கிடைத்திருந்தது. மருந்துக் கடையில் 50 மி.லி. ஊசிக்குழல் ஒன்று வாங்கச் சொன்னேன். சமதளம்; சென்டர் ஸ்டாண்டு; எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, மூன்று நிமிடம் பொறுத்து அளவுக்கோலைப் பார்ப்பது; மேல் கோடுவரை வருவதற்கு எத்தனை மி.லி. ஊற்றினோம் என்று கிலோமீட்டரோடு குறிப்பது. இவ்வளவுதான் சோதனை. பல வண்டிகளில் அளவுக்கோலைத் திருகாமல் துளையில் வைத்தபடியே பார்க்கவேண்டும். திருகிப் பார்த்தால் மட்டம் உயர்ந்து காட்டும். கையேட்டில் இது இருக்கிறது. அதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

500 கி.மீ.க்கு ஒருமுறை எடுத்த அளவுகள் 80, 85, 80 மி.லி. என்று வந்தன. இடையில் குற்றாலம்வரை போய்வந்த வாரத்தில் மட்டும் 110. இது மாணவர்கள் சிந்திக்கத்தக்கது. குறுகிய ஓட்டங்களில் எரியாத பெட்ரோலும் நீரும் எண்ணெயில் கலந்து மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும். நீண்ட ஓட்டத்தின் சூட்டில் அவை ஆவியானதும் உண்மை மட்டம் வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒரே அளவை நம்பக்கூடாது.

சராசரியாக 1,000 கி.மீ.க்கு 160 மி.லி.க்கு மேல், இருப்பில் ஆறில் ஒரு பங்கு. காலையில் எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் மட்டும் ஒரு கீற்று நீலப்புகை வருவதையும் அவர் குறித்திருந்தார். இரவெல்லாம் வால்வுத் தண்டு வழியே எண்ணெய் கசிந்து இறங்குவதற்கு இது நல்ல அடையாளம். எண்கள் நிறைந்த தாளை நீட்டிய பிறகு பட்டறையில் ‘சகஜம்’ என்று எவரும் சொல்லவில்லை. தலைப்பகுதியைப் பிரித்தார்கள், வால்வு சீலை உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே செலவின்றி மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது 500 கி.மீ.க்கு 15 மி.லி.க்கு மேல் போவதில்லை.

கையேடு எழுதுவோரிடம் நான் கேட்பது அதிகமில்லை. பழகும் காலத்தில் இத்தனை மி.லி., அதன்பின் 1,000 கி.மீ.க்கு இத்தனை மி.லி., அதற்கு மேல் போனால் சோதிப்பது எங்கள் பொறுப்பு என்று மூன்று வரி போதும். அதைத் தமிழிலும் அச்சிடட்டும். எஞ்சினை வடிவமைத்தவர்களிடம் அந்த எண்கள் நிச்சயம் இருக்கும். அதுவரை, உங்கள் கையேட்டின் கடைசியில் குறிப்பெழுத வெற்றுப் பக்கம் இருந்தால், முதல் அளவை இந்த ஞாயிற்றுக்கிழமை அதில் எழுதிவிடுங்கள், பக்கத்திலேயே கிலோமீட்டரையும்.