ஓடையை இழந்த காவலன்

ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தை நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது தாமாகவே தேடிப் பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்து முடித்ததும் பெரியவர்களிடம் ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள்: "அந்த ஹகு யார்? மலக்கா, ஜின்னா?" சில வாப்பாமார் "அது சாமிப் படம், பார்க்கத் தேவையில்லை" என்று மூடிவிடுகிறார்கள். வேறு சிலர் "சும்மா கார்ட்டூன்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு பதிலும் எனக்குச் சம்மதமில்லை. முதலாவது பதில் படத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறது. இரண்டாவது, பார்த்தும் ஒன்றும் காணவில்லை. பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. ஹகு என்ற அந்தக் காவலன் யார் என்று கேட்டால்தான் படத்தின் வாசல் திறக்கும்.

2001 ஜூலையில் ஜப்பானில் திரைக்கு வந்த படம் இது. 2002இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதும் 2003இல் ஒஸ்காரும் கிடைத்தன. ஜப்பானில் 2020இன் கடைசி வரை வசூலில் இதை வேறெந்தப் படமும் முந்தவில்லை. கதை சின்னதுதான். பத்து வயதுச் சிறுமி சிஹிரோ, உம்மா வாப்பாவோடு புது வீட்டுக்குக் குடிபோகிற வழியில், ஒரு சுரங்க வாசலுக்குள் நுழைந்து வேறோர் உலகில் மாட்டிக்கொள்கிறாள். பெற்றோர் அங்கே கிடந்த சாப்பாட்டை அள்ளித் தின்று பன்றிகளாகிவிடுகிறார்கள். பிள்ளை, யுபாபா என்ற கிழவியின் குளியல் விடுதியில் வேலைக்காரியாகிறாள். அங்கே அவளுக்குத் துணையாக வருகிறவன்தான் ஹகு. பார்வைக்குப் பன்னிரண்டு வயதுப் பையன், சில வேளை வெள்ளை டிராகன். அவனுடைய அசல் இனம் என்னவென்பது கடைசியில்தான் தெரியவருகிறது.

முதலில் ஒரு சொல்லைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த விடுதிக்குக் குளிக்க வருகிறவர்களை ஜப்பானியர் 'கமி' என்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஆங்கிலத்திலிருந்து நாம் 'கடவுள்' என்று எடுத்துக்கொள்கிறோம். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மோட்டோவோரி நொரினகா, 'கொஜிகி' என்ற பழைய நூலுக்கு எழுதிய பேருரையில் கமி என்றால் என்ன என்று விளக்குகிறார். மனிதன், பறவை, விலங்கு, மரம், மலை, கடல் என்று எதுவானாலும் சரி, சாதாரணத்தைத் தாண்டி நின்று மனிதனை மலைக்கவைத்தால் அது கமி என்பது அவர் கருத்து. நல்லது மட்டுமில்லை, கெட்டதும் கமியாகலாம். படைத்தவன், பரிபாலிப்பவன், இணையற்றவன் என்ற பொருளில் நாம் சொல்கிற எதுவும் இந்தச் சொல்லுக்குள் இல்லை. எண்பது இலட்சம் கமிகள் என்பது அவர்கள் வழக்கு. எண்ண ஏலாத பல என்பதுதான் அதன் கருத்து.

அப்படியானால் ஜின் என்று சொல்லிவிடலாமா? அதுவும் சரிவராது. ஜின் நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட இனம், நம்மைப்போல் கேள்வி கணக்கு உள்ள இனம். கமி ஓர் இனமே இல்லை. ஓர் இடத்தின், ஒரு பொருளின் தன்மைக்கு வைத்த பெயர் அது. மலக்கு என்று சொல்வது இன்னும் பொருந்தாது. மலக்குகள் கட்டளைக்கு மாறு செய்யாதவர்கள் என்பது நம் நம்பிக்கை. ஹகுவோ களவெடுக்கிறான். யுபாபாவின் ஏவலில், அவளுடைய சகோதரி செனிபாவின் மந்திர முத்திரையைத் திருடிக்கொண்டு ஓடிவருகிறான். ஸூரா அர்ரஃத் சொல்லும் முன்னும் பின்னும் காக்கும் மலக்குகளோடு இவனை ஒப்பிட நினைக்கிறவர்கள் அந்தத் திருட்டை மறந்துவிடக் கூடாது.

ஹிழ்ர் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் ஞாபகம் வரக்கூடும். வழிகாட்டல், தண்ணீர், பாதி விளங்காத கட்டளைகள் எல்லாம் படத்திலும் இருக்கின்றன. நம்முடைய ஆட்களுக்கு இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஓர் ஆசை. ஆனால் மூஸா நபி தேடிப்போனது, தமக்குத் தெரியாததைத் தெரிந்த ஒருவரை. சிஹிரோவுக்கு வாய்த்த வழிகாட்டி தன் சொந்தப் பெயரையே மறந்தவன். ஒப்பீடு அந்த இடத்தில் முறிந்துவிடுகிறது. அந்த முறிவிலிருந்துதான் நான் பேச விரும்புகிறேன்.

படத்தின் ஜப்பானியத் தலைப்பில் 'கமிககுஷி' என்றொரு சொல் உண்டு. கமி மறைத்துவிட்டது என்பது நேர்ப்பொருள். பிள்ளையோ பெண்ணோ அந்திப் பொழுதில் திடீரென்று காணாமற்போனால் கிராமத்தார் அப்படித்தான் சொல்வார்களாம். நம் ஊர்களில் ஜின் கொண்டுபோய்விட்டது என்பார்களே, ஏறக்குறைய அப்படி. நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ 1910இல் வெளியிட்ட 'தோனோ மொனொகதாரி' தொகுப்பில் ஒரு சம்பவம் வருகிறது. ஓர் இளம்பெண் தன் செருப்பைப் பேரிமரத்தடியில் விட்டுவிட்டு மறைந்துபோகிறாள். முப்பது வருடங்கள் கழித்துக் கிழவியாகத் திரும்பி வருகிறாள். சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு மறுபடியும் போய்விடுகிறாள். அந்தக் கதை மியாசாகியின் மனதில் இருந்ததோ இல்லையோ, அவருடைய படமும் ஒரு பாதணியில்தான் திரும்புகிறது. சின்ன வயதில் சிஹிரோ ஆற்றில் விழுந்தது, தண்ணீரோடு போன தன் சப்பாத்தை எடுக்கப் போனதால்தான். ஆறு அவளை இழுத்துக்கொள்ளாமல் ஆழமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டது. அந்த ஆறுதான் ஹகு. பழைய கதைகளில் பிள்ளையைக் கொண்டுபோகிறது கமி. இங்கே பிள்ளையைத் திருப்பித் தருகிறது. நாட்டார் மரபை மியாசாகி எப்படிக் கையாளுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இனி ஹகு எப்படிக் காக்கிறான் என்று பாருங்கள். பாலத்தில் அவளைக் கண்ட மாத்திரத்தில் அவன் செய்வது விரட்டுவது, இருட்டுமுன் போய்விடு என்று. அது பலிக்காமல் போனதும் அவள் கையில் ஒரு வாளையோ தாயத்தையோ கொடுப்பதில்லை. கொதிகலன் அறைக்குப் போ, கமாஜி என்ற கிழவனிடம் வேலை கேள், அவன் மறுத்தாலும் விடாமல் கேள் என்கிறான். வேலை இல்லாதவரை யுபாபா விலங்காக்கிவிடுவாள். ஒரு காவலன் தன் பொறுப்பிலுள்ள பிள்ளைக்குச் சொல்லும் புத்தி, போய்ப் பாடுபடு என்பது! நான் பார்த்த மாயக்கதைகளில் இப்படியொரு காவல் அபூர்வம். மறுநாள் காலை பன்றித் தொழுவத்தைக் காட்டிவிட்டு அவளுக்குச் சோற்று உருண்டை கொடுக்கிறானே, அந்தக் காட்சியில் பிள்ளை முதல் தடவையாக வாய்விட்டு அழுகிறாள். பலம் திரும்ப மந்திரம் போட்டுச் செய்தேன் என்கிறான் அவன். மந்திரத்தை விடுங்கள், அழுவதற்கு ஓர் ஆள் பக்கத்தில் இருந்தான் என்பதுதான் அங்கே நடந்த காரியம்.

அதே ஹகு விடுதிக்குள் மின்தூக்கியில் அவளை யாரோ போல நடத்துகிறான். தன்னை மரியாதையாக அழைக்கும்படி அதட்டுகிறான். அவள் திகைத்துப்போய் இங்கே ஹகு என்று இரண்டு பேர் இருக்கிறார்களா என்று கேட்க, கூட வேலைபார்க்கும் லின், ஒருத்தனே தாங்க முடியாதவன், யுபாபாவின் கையாள் என்கிறாள். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவன் இரட்டை வேடம் போடவில்லை. அடிமைப்பட்டவனின் நாள் இப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடக்கும். முதலாளியின் கண் முன்னால் ஒரு முகம், தோட்டத்துப் பூச்செடிகளின் மறைவில் இன்னொரு முகம்.

அவன் எப்படி அடிமையானான்? யுபாபா ஒப்பந்தத்தில் பெயரை எடுத்துக்கொள்கிறாள். சிஹிரோ என்ற பெயரில் ஓர் எழுத்தை மட்டும் விட்டு 'சென்' ஆக்குகிறாள். ஹகு தன் பெயரை முழுதாகவே மறந்துவிட்டான். அதனால் திரும்பிப் போகும் வழியும் அவனுக்கு மறந்துவிட்டது. அவன் திடீரென்று வந்து மந்திரம் கற்க வேண்டும் என்று நின்றதையும், தான் தடுத்தும் கேட்காததையும் கமாஜி சொல்கிறான். போக வேறு இடமில்லை, அதனால் வந்தான் என்பது பின்னால்தான் விளங்குகிறது. வெள்ளை டிராகனின் முதுகில் பறக்கும்போது சிஹிரோவுக்கு உம்மா சொன்ன கதை ஞாபகம் வருகிறது. தான் விழுந்த ஆற்றின் பெயர் கோஹகு. அந்த ஆறு இப்போது இல்லை. நிரப்பிவிட்டார்கள், மேலே அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பெயரைக் கேட்டதும் டிராகனின் செதில்கள் உதிர்ந்து பறக்கின்றன. நிகிஹயாமி கோஹகுநுஷி என்று தன் முழுப் பெயரை அவன் சொல்கிறான். 'நுஷி' என்றால் ஓர் இடத்துக்கு உரியவன், அங்கே நெடுங்காலம் குடியிருப்பவன். குளத்துக்கும் ஆற்றுக்கும் ஒரு நுஷி உண்டு என்பது ஜப்பானிய நாட்டார் நம்பிக்கை. இடம் போனபிறகு நுஷிக்கு என்ன மிச்சம்? பெயர் மட்டும்தான். அதையும் ஒருத்தி பறித்து வைத்திருந்தாள்.

இது வெறும் கற்பனையல்ல. மியாசாகி 1941இல் டோக்கியோவில் பிறந்தவர். 1964 ஒலிம்பிக்கை முன்னிட்டு அந்த நகரத்தில் எத்தனையோ சிற்றாறுகள் மூடப்பட்டுக் கழிவுநீர்க் கால்வாய்களாயின. நிஹோன்பாஷி ஆற்றின் தலைக்கு மேல் அதிவேகப் பாதை போட்டார்கள். விடுதிக்கு நாற்றமெடுத்துக்கொண்டு வரும் விருந்தாளியின் விலாவிலிருந்து சிஹிரோ ஒரு சைக்கிளை இழுத்தெடுக்க, குப்பையெல்லாம் கொட்டுண்டு உள்ளிருந்து ஓர் ஆறு வெளிவருகிறதல்லவா? தன் வீட்டருகே ஆறு துப்புரவு செய்யப் போய், உண்மையாகவே ஒரு சைக்கிளை இழுத்தெடுத்த அனுபவத்தை மியாசாகியே சொல்லியிருக்கிறார். அந்த ஆற்றுக்குக் குளிப்பாட்டவாவது உடம்பு மிஞ்சியிருந்தது. ஹகுவுக்கு அதுவுமில்லை.

கமிகளை அவர்களுடைய இடத்திலிருந்து கிளப்பியது கட்டடக்காரர் மட்டுமல்ல. 1906இல் ஜப்பானிய அரசே ஊர்ச் சிறுகோயில்களை ஒன்றோடொன்று இணைக்கும் உத்தரவைப் போட்டது. சுமார் 70,000 கோயில்கள் இல்லாமற் போயின, அவற்றைச் சூழ்ந்த காடுகள் வெட்டுண்டன. மினகதா குமகுஸு என்ற இயற்கை அறிஞர் இதை எதிர்த்து நின்று 1910இல் சிறையிலும் இருந்தார். ஊர்க் கமிகளை ஒழித்த அதே அரசு இன்னொரு பக்கத்தில் நாட்டைக் காக்கும் கமியைப் பெருப்பித்தது. போரில் செத்தவர்களைக் கமியாக்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியக் கப்பல்களைச் சிதறடித்த புயலின் பெயரை, 1944இல் தற்கொலை விமானங்களுக்கு வைத்தது. கமிகஸே என்ற அந்தச் சொல்லிலும் இருப்பது இதே கமிதான். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மியாசாகியின் தெரிவு விளங்கும். அவருடைய காவலனுக்கு நாடு இல்லை, கொடி இல்லை. ஒரு சிற்றாறும், அதில் விழுந்த ஒரு பிள்ளையும்தான். அவனை யாரும் வணங்கவுமில்லை. படத்தின் ஆரம்பத்திலேயே மரத்தடியில் சின்னஞ்சிறு கல்வீடுகள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. கமிகளின் வீடுகள் என்று உம்மா போகிற போக்கில் சொல்லிவிட்டுக் காரிலேயே இருக்கிறாள். விடுதியிலோ கமிகள் காசு கொடுத்துக் குளிக்கும் வாடிக்கையாளர்கள். இதில் பிள்ளைகளின் ஈமானுக்கு என்ன ஆபத்து என்று எனக்கு விளங்கவில்லை.

குறை இல்லையா? இருக்கிறது. ஹகு காயத்தோடு கிடக்க, சிஹிரோ அவனுக்காக செனிபாவிடம் போகத் துணிகிறாள். இதென்ன என்று லின் கேட்க, விளங்கவில்லையா, அன்பு, அன்பு என்கிறான் கமாஜி. எனக்கு இது பிடிக்கவில்லை. ஆறு கொடுத்த உயிருக்கு அவள் பட்ட கடன் அது, அவளுக்கே இன்னும் ஞாபகம் வராத கடன். அதற்கு அன்பு என்று பெயர் சூட்டியதும் காரியம் இலகுவாகிவிடுகிறது. காதல் கதையாகப் பார்க்கிறவர்களுக்கும் கதவு திறந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய குறை, ஆற்றை நிரப்பியது யார் என்ற கேள்வியைப் படம் கேட்காமலே விடுவது. நிரப்பினார்கள் என்ற ஒரு சொல்லோடு அது முடிகிறது. சிஹிரோவின் குடும்பமும் அப்படி மலையை வெட்டிக் கட்டிய புறநகர் வீடொன்றுக்குத்தான் குடிபோகிறது. அவர்கள் தின்றதற்குப் பன்றியானார்கள், சரி. குடியிருப்பதற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. கொடுமைக்காரி யுபாபா ஒருத்தி இருப்பதால் மனிதர் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவள் எடுத்தது பெயரை மட்டும்தான், ஆற்றை எடுத்தது அவளில்லையே!

கடைசிக் காட்சியில் ஹகு சிஹிரோவை வழியனுப்புகிறான். தானும் தன் பழைய உலகத்துக்குத் திரும்புவதாகவும், நிச்சயம் சந்திப்போம் என்றும் சொல்கிறான். திரும்பிப் பார்க்காமல் போ என்கிறான். பெயர் கிடைத்துவிட்டது, இடம் கிடைக்கவில்லை. அவன் போய்ச் சேரவேண்டிய இடத்தில் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் கை நழுவிப்போன பிறகும் அவனுடைய கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டினபடி திரையில் நிற்கிறது. எங்கே போவாய் என்று அவள் கேட்கவில்லை.