கல்விச் சந்தையும் தலைக்காசும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் நடந்த வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி ஒன்றுக்குப் போனேன். வழக்கமாகக் கல்யாண ரிசப்ஷன் நடக்கிற ஹோட்டல் ஹால். பையன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறான். அத்தான் மஸ்கட்டில். "நீ நாலு எழுத்து படிச்சவன்லா, ஒருக்கா கூடப் போய் என்னாண்ணு பாத்துட்டு வாடே" என்று அக்கா சொன்னாள். போகாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் அவள் பீரோவில் இருக்கிற வீட்டு ஆதாரம்தான் பேங்குக்குப் போகப்போகிறது.

உள்ளே வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கொடி, ஒரு பேனர், சிரிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் படம். 'ஸ்பாட் அட்மிஷன்', 'விண்ணப்பக் கட்டணம் கிடையாது', 'ஸ்காலர்ஷிப் உறுதி' என்று பெரிய எழுத்துக்கள். அமெரிக்க மேஜையில் இருந்த தம்பி மார்க் ஷீட்டை அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "உங்க ப்ரொஃபைல் சூப்பர்" என்றான். எங்களுக்கு முன்னால் வந்த பெண்பிள்ளைக்கும் அதே சூப்பர்தான்.

"இவ்வளவு வேலை செய்யிறியளே, உங்களுக்குப் பணம் யாரு தருவா?" என்று கேட்டேன்.

"நாங்க உங்ககிட்ட ஒரு பைசா வாங்க மாட்டோம் சார். எங்க சர்வீஸ் டோட்டலா ஃப்ரீ."

நான் கேட்டது ஒன்று, அவன் சொன்னது இன்னொன்று. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் பதில்தான்.

மாட்டுச் சந்தை பார்த்தவர்களுக்குத் தெரியும். தரகர் துண்டைப் போட்டு அதற்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். விலை மட்டும்தான் ரகசியம். அவர் தரகர் என்பதோ, வியாபாரம் முடிந்தால் அவருக்குக் காசு உண்டு என்பதோ ரகசியம் இல்லை. கல்விக் கண்காட்சியில் எல்லாம் தலைகீழ். கட்டணம் பேனரிலேயே இருக்கிறது. தரகுதான் துண்டுக்குள்ளே இருக்கிறது. தரகருக்கும் 'கவுன்சிலர்' என்று பெயர்.

தரகு எவ்வளவு? இந்தத் தொழிலில் பொதுவாகப் பேசப்படுவது, மாணவன் கட்டும் முதல் வருஷக் கட்டணத்தில் 10 முதல் 20 சதவீதம். கல்லூரி அதை ஏஜென்டுக்குக் கொடுக்கும். உதாரணத்துக்கு வருஷக் கட்டணம் 25,000 டாலர், தரகு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3,750 டாலர் ஆகிறது. டாலருக்கு 85 ரூபாய் என்றால் மூணு லட்சத்துக்கு மேல். அந்தப் பணம் நீங்கள் கட்டிய கட்டணத்தில் இருந்துதான் போகிறது. அப்புறம் எங்கே ஃப்ரீ?

தரகு வாங்குவது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. உழைப்புக்குக் கூலி வேண்டும். என் குறை வேறு. தரகு தருகிற கல்லூரிக்கு மட்டும்தான் அந்த ஹாலில் மேஜை. தராத கல்லூரி அங்கே இல்லை. இல்லாததைப் பையன் எப்படிப் பார்ப்பான்? ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது. வெளிநாட்டு மாணவரிடம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். கட்டணமே இல்லாத இடத்தில் சதவீதம் எங்கிருந்து வரும்? நாங்கள் போன கண்காட்சியில் ஜெர்மனிக் கொடி இருந்தது. அதன் கீழே இருந்தவை தனியார் கல்லூரிகள்.

இதில் அமெரிக்காவின் நடத்தை இன்னும் சுவாரசியம். கூட்டரசு உதவிப் பணம் வாங்கும் கல்லூரிகள், தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து மாணவர் சேர்க்கக் கூடாது என்று 1992-ல் சட்டம் போட்டார்கள். ஆள் பிடிக்கிறவன் பொய் சொல்லிப் பிள்ளைகளைக் கடனில் தள்ளுகிறான் என்பதுதான் காரணம். ஆனால் அந்த உதவிப் பணத்துக்குத் தகுதி இல்லாத வெளிநாட்டு மாணவர்களை வெளிநாட்டில் போய்ச் சேர்ப்பதற்கு விலக்கு. கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம், வெளிநாட்டு மாணவர் விஷயத்திலும் தரகு கூடாது என்று நெடுநாள் சொல்லிவந்து, 2013-ல் இறங்கிவந்தது. அதாவது ஓஹியோக்காரன் பிள்ளைக்கு ஆபத்து என்று தடுத்த ஒன்று, கருங்கல்காரன் பிள்ளைக்குப் பரவாயில்லை. அதே சமயம் அமெரிக்க வெளியுறவுத் துறை நடத்தும் 'எஜுகேஷன் யுஎஸ்ஏ' ஆலோசனை மையங்கள் தரகு ஏஜென்டுகளோடு சேர்ந்து வேலை செய்வதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்த காலமும் உண்டு. சென்னையிலும் அந்த மையம் உண்டு. அந்த ஹாலில் யாரும் இதைச் சொல்லவில்லை.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. நமக்கு முன்னால் இந்தப் பாதையில் ஓடியவர்கள் கொரியர்கள். 2008-09-ல் அமெரிக்காவில் 75,000 தென்கொரிய மாணவர்கள் இருந்தார்கள். 2023-24-ல் அது 43,000 ஆகக் குறைந்தது. அதே வருஷம் இந்தியர்கள் 3,31,000-ஐத் தாண்டி, சீனாவை முந்தி முதலிடம். கொரியாவில் 'கிரொகி அப்பா' என்று ஒரு சொல் உண்டு. வாத்து அப்பா. மனைவியையும் பிள்ளைகளையும் படிப்புக்காக அமெரிக்கா அனுப்பிவிட்டுத் தனியாக இருந்து சம்பாதித்துப் பணம் அனுப்புகிறவர். நம்ம அத்தான்மார் கதை இதன் மறுபக்கம். அப்பா கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்க, பிள்ளைகள் இங்கே படித்தார்கள். இப்போது அந்தச் சேமிப்பை எடுத்துப் பிள்ளை வேறொரு கடல் தாண்டப் பார்க்கிறான்.

தவறினால் என்ன ஆகும்? கலிஃபோர்னியாவில் 'ட்ரை-வேலி யுனிவர்சிட்டி' 2011-ல் சோதனைக்கு உள்ளானபோது அதில் ஆயிரத்துக்கும் மேல் இந்திய மாணவர்கள், பெரும்பாலும் தெலுங்குப் பிள்ளைகள். சிலர் காலில் ரேடியோ பட்டை மாட்டிவிட்டார்கள். மிச்சிகனில் 'யுனிவர்சிட்டி ஆஃப் ஃபார்மிங்டன்' இன்னும் விசித்திரம். அதை அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகளே பொறியாக நடத்தினார்கள். வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. 2019 ஜனவரியில் பொறி மூடியபோது சுமார் 600 பேர் பதிவாகி இருந்தார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்ததாக எட்டுப் பேர் மேல் வழக்கு. அந்த அதிகாரிகளிடமே அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தார்கள்.

இவை கடைக்கோடி உதாரணங்கள்தான். அன்றாட ஏமாற்றம் இவ்வளவு நாடகமாக இருக்காது. "பார்ட் டைம் பாத்தே ஃபீஸ் கட்டிரலாம்" என்று மேஜைத் தம்பி சொன்னான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃப்-1 விசாவில் படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், அதுவும் கல்லூரி வளாகத்துக்குள். மணிக்கு 15 டாலர் கிடைத்தாலும் வாரம் 300. வாடகையும் சாப்பாடும் போக ஃபீஸுக்கு என்ன கிட்டும்?

இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தென்திருவிதாங்கூரில் இருந்தும் 19-ம் நூற்றாண்டில் ஆட்கள் போனார்கள். கங்காணி வெளியாள் அல்ல, ஊர்க்காரர். முன்பணம் கொடுப்பார், கூடவே வருவார். ஆனால் தோட்டம் அவருக்குத் தலைக்காசு கொடுத்தது. ஆளின் கடனை எழுதிய 'துண்டு' அவனுக்கு முன்னால் தோட்டம் விட்டுத் தோட்டம் போனது. அந்தத் துண்டு முறையை 1921-ல்தான் ஒழித்தார்கள். படிக்கப் போகிற பையனைத் தோட்டக் கூலியோடு ஒப்பிடுவது அநியாயம், தெரியும். இவன் விரும்பிப் போகிறான், வேண்டாமென்றால் திரும்பலாம். ஒரே ஒரு இடத்தில்தான் ஒற்றுமை. கூட்டிப்போகிறவன் நம்ம ஆள் மாதிரிப் பேசுகிறான், கூலி எதிர்ப்பக்கத்தில் வாங்குகிறான்.

இன்னொன்று. துபாய்க்கு ஒரு கொத்தனாரை அனுப்புகிற ஏஜென்ட், 1983-ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். வாங்குகிற சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஒரு மாணவனை 40 லட்சம் கடனில் அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அது வேலைக்குப் போகிறவர்களுக்கானது. பஞ்சாப் 2012-ல் கொண்டுவந்த சட்டத்தில் மாணவர் விசா ஆலோசகர்களுக்கும் உரிமம் கட்டாயம். அங்கே அதற்குப் பிறகும் மோசடி நின்றுவிடவில்லை. ஆனாலும் புகார் கொடுக்க ஒரு வாசல் இருக்கிறது. நமக்கும் அப்படி ஒரு வாசல் வேண்டும்.

பின்னே ஏன் ஜனங்கள் போகிறார்கள்? முட்டாள்தனம் என்று சொன்னால் அது நம்ம திமிர். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம்ம மாவட்டம். படித்தால் பிழைக்கலாம் என்பதை இருநூறு வருஷமாக, மயிலாடி மிஷன் பள்ளிக் காலத்தில் இருந்து, நம்பி வந்த ஊர் இது. படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை. சென்னைக்குப் போய்த் தகவல் கேட்க எல்லாராலும் முடியாது. அப்போது தகவல் தன் காலில் நடந்து ஊருக்கே வந்தால் நாலு பேர் போகத்தான் செய்வார்கள். அந்த அளவுக்குக் கண்காட்சி ஒரு உபகாரம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். போனால் மூணு கேள்வி கேளுங்கள். இந்தக் கல்லூரி உங்களுக்கு எவ்வளவு தரும்? உங்களுக்கு ஒன்றும் தராத கல்லூரியில் எனக்குப் பொருத்தமான ஒன்றைச் சொல்லுங்கள். போன வருஷம் நீங்கள் அனுப்பிய நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் ரெண்டு பேரிடம் நான் போனில் பேசலாமா?

ரெண்டாவது கேள்வியை அக்கா மகனே கேட்டான். "ஆபீஸுக்கு வாங்க தம்பி, விரிவாப் பேசலாம்" என்றார்கள். அவன் போகவில்லை. இப்போது ஜெர்மனிக்கான ஏபிஎஸ் சான்றிதழுக்குக் காகிதம் சேர்த்துக்கொண்டிருக்கிறான். கட்டணம் இல்லை என்றாலும் வருஷச் செலவுக்கு 11,904 யூரோ வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும், மொழியும் படிக்க வேண்டும். அக்காவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான். "அவங்க உடனே சீட்டு தந்தாவ, நீ ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டியே" என்கிறாள். நான் சொன்னது தப்பாகப் போனால் அவள் முகத்தில் முழிக்க முடியாது. ஆதாரம் இப்போதைக்குப் பீரோவில்தான் இருக்கிறது.