மலிவான மின்வழங்கி: சிக்கனம் யாருக்கு?

சிறு மின்கருவி ஒன்று ஓட மறுக்கிறது. விசையை அழுத்தினால் அடையாள விளக்கு மங்கலாக எரிகிறது. ரிலே மட்டும் இழுக்கவில்லை. பழுதுபார்ப்பவர் ஃபியூசையும் டயோடுகளையும் சோதிக்கிறார்; குறையில்லை. “போர்டே போய்விட்டது, புதிதுதான் போடவேண்டும்” என்று தீர்ப்புக் கூறுகிறார். இத்தீர்ப்பு சரிதானா? பல வேளைகளில் பழுதானது ஒரேயொரு மின்தேக்கிதான். அதைத் தெரிந்துகொண்டால், போர்டை வடிவமைத்த முறையையும் நாம் எடைபோட முடியும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். போர்டுக்குத் தேவையோ சில வோல்ட்டுகளே. டிரான்ஸ்பார்மர் வைத்தால் விலையும் எடையும் கூடும். மின்தடையை வைத்தால் மின்சாரம் வெப்பமாக வீணாகும். ஆகவே பல சிறு கருவிகளில் ஒரு பிலிம் மின்தேக்கியைத் தொடராக இணைத்துவிடுகிறார்கள். அது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், அவ்வளவாகச் சூடாகாது. 0.47 மைக்ரோபாரட் மின்தேக்கி 50 ஹெர்ட்ஸில் சுமார் 6,800 ஓம் தடைக்குச் சமம். அதன் வழியே ஏறத்தாழ 34 மில்லி ஆம்பியர் கிடைக்கும். இது கெட்டிக்கார ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை.

குறை எங்கே? மின்னழுத்தம் திடீரென எகிறும்போது பிலிமில் நுண்துளை விழலாம். துளையைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிவிடுவதால் ஷார்ட் ஆகாமல் மின்தேக்கி தப்பிக்கிறது. இது தீயிலிருந்து காக்கும் நற்பண்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சின் பரப்பு சிறிது சுருங்குகிறது. 0.47 என்பது 0.2 ஆகிவிட்டால், மின்னோட்டமும் 15 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கிவிடும். விளக்குக்கு அது போதும்; ரிலேக்குப் போதாது. தேயும் உறுப்பை நம்பியும் தேய்மானத்துக்கு இடம் விடாதது முதற் குறை.

சோதிக்கும் முறையிலும் குறை உண்டு. ஓம் மீட்டர் ‘ஷார்ட் இல்லை’ என்று மட்டுமே சொல்லும், தேய்மானத்தைச் சொல்லாது. மின்தேக்கியின் ஒரு காலைக் கழற்றி, மீட்டரின் மின்தேக்குத்திறன் அளவையில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே 474 என்றிருந்தால் 47-ஐ அடுத்து நான்கு சுழிகள், அதாவது 4,70,000 பிக்கோபாரட், இதுவே 0.47 மைக்ரோபாரட். மாற்றும்போது அதே அளவுள்ள, எக்ஸ்2 எனக் குறித்த மின்தேக்கியையே போடவேண்டும்.

இரண்டாவது குறை உயிரைத் தொடுவது. டிரான்ஸ்பார்மர் இல்லாததால், வீட்டு மின்கம்பிக்கும் போர்டுக்கும் இடையே பிரிப்பு இல்லை. மீட்டர் 5 வோல்ட் காட்டும் இடம், தரையில் நிற்கும் உங்களைப் பொறுத்து 230 வோல்ட்டாக இருக்கக்கூடும். எனவே மாணவர்களே, பிளக் செருகியிருக்கும்போது இத்தகைய போர்டைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும், மின்தேக்கியின் மின்னூட்டத்தை வடிக்கும் மின்தடை அறுந்திருந்தால், 325 வோல்ட் வரை உள்ளே தங்கியிருக்கலாம். மீட்டரால் அளந்து, அது வடிந்துவிட்டதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

டிரான்ஸ்பார்மரைத் தவிர்த்ததில் தயாரிப்பாளருக்குச் சிக்கனம். தேய்ந்த மின்தேக்கிக்காக முழுப் போர்டையும் வாங்குபவருக்கு அது செலவு. அறியாமல் தொடுபவருக்கு ஆபத்து. பெரிய மின்தேக்கியை வைத்து உபரி விடுவதும், போர்டின் மேல் ஓர் எச்சரிக்கை வரி அச்சிடுவதும் பெருஞ்செலவல்ல. இவ்விரண்டும் இல்லாத வடிவமைப்பை நல்ல பொறியியல் என்று ஏற்பதற்கில்லை.