பக்கவிளைவே இல்லாத பெப்டைடா?

போன வாரம் திருச்சுழியிலிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். குட்டிப் பெப்டைடை மாற்றியமைத்து, பக்கவிளைவே இல்லாத புற்றுநோய் மருந்தாம். கீழே, "உங்க சித்திக்கு இது ஆகுமாப்பா?" சித்திக்குச் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆனாலும் மூணு தடவை படித்தேன். தட்டில் வளர்த்த செல்கள் செத்ததைப் பற்றி முக்கால் பக்கம். மருந்து ரத்தத்தில் எவ்வளவு நேரம் தாங்கும், எந்த உறுப்பில் போய்த் தங்கும் என்று ஒரு வரி கூட இல்லை.

விஷயமே அதுதானே? சோமாடோஸ்டாட்டின் 14 அமினோ அமிலம் கொண்ட இயற்கை ஹார்மோன். ரத்தத்தில் சில நிமிஷத்திலேயே நொதிகள் அதை வெட்டிப் போட்டுவிடும். அதை 8 ஆகக் குறுக்கி, இரண்டு இடத்தில் கண்ணாடி பிம்பமான டி-வகை அமிலங்களை வைத்தார்கள். அதுதான் ஆக்ட்ரியோடைடு. ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நொதிக்கு அந்த வளைவு பிடிபடாது. சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் வளையலாம் என்று 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு போட்ட வரைபடத்தைப் பாருங்கள், டி-அமிலங்களுக்கான இடம் எதிர்ப்பக்கம் விழும்.

இதே குடும்பத்துப் பெப்டைடில் லுட்டீசியம்-177-ஐக் கட்டி அனுப்பினால், கட்டியைத் தேடிப் போய்க் கதிர்வீச்சு கொடுக்கும். அந்த லுட்டீசியம் நம் டிராம்பே துருவா உலையிலேயே தயாராகியிருக்கிறது. 2017-இல் வெளியான நெட்டர்-1 ஆய்வில், 20-ஆவது மாதத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 65.2 சதவீதம். வெறும் ஆக்ட்ரியோடைடு போட்டவர்களில் 10.8 தான். இவ்வளவு நல்ல மருந்தையும் கிட்னி வடிகட்டித் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதைக் குறைக்கத்தான் கூடவே லைசின், ஆர்ஜினின் டிரிப் ஏற்றுகிறார்கள். பக்கவிளைவு இல்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை, அளந்து பார்த்து வழி செய்திருக்கிறார்கள்.

எதிர் உதாரணமும் உண்டு. மெல்ஃப்ளூஃபென், பழைய கீமோ மருந்தைக் குட்டிப் பெப்டைடாக்கியது. மைலோமாவுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஓஷன் ஆய்வில் நோய் முற்றுவது 4.9 மாதத்திலிருந்து 6.8-க்குத் தள்ளிப்போனது. ஆனால் உயிரோடு இருந்தது 19.8 மாதம், ஒப்பிட்ட மருந்தில் 25. 2024-இல் அனுமதி ரத்து. செல் செத்ததை மட்டும் வைத்து எழுதினால் இது எப்படித் தெரியும்?

சித்தப்பாவுக்கு இப்படி எழுதினேன்: "அந்தச் செய்தியை விடுங்க. அடுத்து மதுரை போறப்ப, பெட் ஸ்கேன்ல சோமாடோஸ்டாட்டின் ஏற்பி தெரிஞ்சுதான்னு மட்டும் டாக்டர்கிட்ட கேளுங்க."